நூறு வைத்த தலை

எனக்குத் தலையில் முடி கிடையாது. முப்பத்திரண்டு வயதிலேயே மொத்தமும் உதிர்ந்துவிட்டது. அதனால் எனக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. அதற்குள் கோமதியைக் கட்டியிருந்தேன், பையனும் பிறந்திருந்தான். ஆனால் அந்த வழுக்கையால் ஒரு பெண் செத்துப்போனாள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு ஐஸ் கம்பெனிக்கு எதிரே எங்கள் நிலையம் இருந்தது. மனமானி நிலையம். காய்ச்சலுக்கு வெப்பமானி போல மனச்சோர்வுக்கு மனமானி. தலையில் ஒரு தொப்பியை மாட்டுவோம். தொப்பிக்குள் அறுபத்து நாலு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே கொஞ்சம் பசை. மூன்று நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் திரையில் ஒரு எண் வரும். சாதாரண மனிதன் நூறு. அறுபதுக்குக் கீழே போனால் நோயாளி. உடனே ஒரு சான்று அச்சாகி வெளியே வரும். அந்தத் தாளைக் காட்டினால்தான் டாக்டர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், கம்பெனியில் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்புக் கிடைக்கும். அறுபதுக்கு மேல் என்றால் வெறும் சீட்டுதான்: ‘சாதாரணம்.’ நூறைத் தாண்டி இயந்திரம் காட்டாது. ஒருவன் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் யாருக்கும் அக்கறை இல்லை.

சாதாரண மனிதன் யார் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நாம்தான் காட்ட வேண்டும். தினமும் காலையில் கதவைத் திறந்ததும், நோய் எதுவும் இல்லாத ஊழியர்கள் ஐந்து பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் தொப்பி மாட்டி உட்கார வேண்டும் என்பது விதி. ஐந்து பேரின் சராசரியை எடுத்து இயந்திரம் அதை நூறு என்று வைத்துக்கொள்ளும். அன்றைக்கு வருகிற எல்லாரையும் அந்த நூறோடுதான் ஒப்பிடும். எங்கள் பேச்சில் இதற்கு நூறு வைப்பது என்று பெயர்.

விதியை எழுதியவருக்கு எங்கள் ஊர்ப் பெண்களின் தலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேற்பார்வையாளர் ஜெபமலர் மேடத்தோடு சேர்த்து எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள். காலையில் குளித்து, எண்ணெய் வைத்து, பின்னி, கால் முழம் பிச்சிப்பூவும் சூடி வருகிறவர்களின் தலையில் அறுபத்து நாலு இடத்தில் பசை தடவினால் என்ன கதி? சீயக்காய் போட்டுக் கசக்கினாலும் போகாது. நாலாவது ஆள் கணினி பார்க்கிற ரெக்ஸன். முடியை நிமிர்த்தி வைக்கவே அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதல் வாரத்திலேயே ஜெபமலர் மேடம் சொல்லிவிட்டார், "நயினார் அண்ணாச்சி தலை சும்மாதான கெடக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஐந்து முறையும் நானே உட்கார்ந்தேன். முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை, அவ்வளவுதான். பதிவேட்டில் ஐந்து பேரும் ஒழுங்காகக் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு வருஷமும் நாலு மாதமும் இப்படி ஓடியது.

ஏமாற்றுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைக்குத் தலை என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது? அதுவும் நான் எந்த வம்புக்கும் போகாத ஆள். குடிப்பதில்லை. யாரிடமும் சத்தம் போட்டதில்லை. ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. சாதாரண மனிதன் வேண்டுமென்றால் என்னைவிட்டால் வேறு யாரைப் பிடிப்பது?

என் சாதாரணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். செருப்பு காலடியில் கிடக்கும். மாட்ட வேண்டும் என்று தெரியும். கால் நகராது. அரை மணி நேரம் செருப்பும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு டீ போடுவேன். ருசி எதுவும் தெரியாது, இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுவேன். நாற்பதைத் தாண்டினால் நாக்கு செத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டேன். கோமதி மூன்று வருஷத்துக்கு முன்னால் பையனையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. "செவரோட எத்தன வருசம் குடும்பம் நடத்த?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, ஒரு மனுஷன் அமைதியாக இருந்தால் அது குற்றமா என்று நினைத்தேன். அதற்காக வருத்தப்பட்டேனா என்றால் அதுவும் இல்லை. வருத்தம் என்று ஒன்று வந்தால்தானே.

மற்ற மாவட்டங்களில் சோதனைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்குச் சான்று கிடைத்துக்கொண்டிருந்தபோது, எங்களிடம் இருபதில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அதற்காக எங்கள் நிலையத்துக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். மனநலத்தில் முதல் இடம். ஜெபமலர் மேடம் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் நம் ஊர்க் கடற்காற்று அப்படி என்று சொல்வார்.

இசக்கிப்பிரியாவுக்கு வயது முப்பத்தொன்று. கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவள். மேலே ஏறி உட்கார்ந்து அல்ல. குளிர்ந்த அறையில் திரையைப் பார்த்தபடி இரண்டு கைப்பிடிகளை அசைத்து, முப்பது டன் பெட்டியை லாரியின் முதுகில் நோகாமல் இறக்கி வைப்பாள். அந்த யார்டில் அவள் கை போல வராது என்று அண்ணன் சொன்னான். அண்ணன் பெயர் சுடலைராஜ். மூன்றாவது மைல் பஸ் ஸ்டாப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தான். தாய் தகப்பன் இல்லை. அண்ணனும் தங்கையுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அவன்தான் அவளைக் கூட்டிவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம், முதலில் மனமானிச் சீட்டோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். ஏன் இந்த அலைச்சல் என்று அவனுக்குப் புரியவில்லை. நான் எல்லாரிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னேன்.

"முன்னெல்லாம் டாக்டர் எதிர்ல உக்கார வச்சு அர மணி நேரம் கேப்பாங்க தம்பி. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்ன நெனப்பு வருதுன்னு. ஒரு டாக்டர் நோயும்பாரு, இன்னொருத்தர் இல்லம்பாரு. கம்பெனிக்காரன் நடிக்காம்பான். இப்ப அந்தப் பேச்சே கெடையாது. மெஷின் சொன்னா சொன்னதுதான்."

"அப்ப இவ சொல்லுதத யாரும் கேக்கவே வேண்டாமா சார்?"

தேவையில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தொண்ணூற்று மூன்று வந்தது. சாதாரணம். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. அவள் மட்டும் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி சோதிக்கலாம் என்பது விதி. சரியாக முப்பதாவது நாள் வந்து நின்றாள். தொண்ணூற்றொன்று. முன்னைவிட மெலிந்திருந்தாள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். ஆனால் எண்தானே முக்கியம்.

மூன்றாவது முறை வந்தபோது சுடலைராஜ்தான் முதலில் பேசினான். யார்டில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். ஒரு பெட்டியை அந்தரத்தில் தூக்கியவள் அப்படியே பதினோரு நிமிடம் நிறுத்திவிட்டாளாம். கீழே லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தானாம். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும், இல்லையென்றால் கீழே நிற்பவன் தலையில் பெட்டி விழும். சான்று கிடைத்தால் ஆறு வாரம் வீட்டில் இருந்து வைத்தியம் பார்க்கலாம். அவனுக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான். தொப்பியை மாட்டினேன். தொண்ணூற்று மூன்று.

அவள் எழுந்திருக்கவில்லை. தொப்பியோடேயே உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"குளிக்கலாம்னு வாளிய வச்சு கொழாயத் தெறந்து விடுதேன் சார். தண்ணி நெறையுது. வழியுது. அடைக்கணும்னு தெரியுது. கை போக மாட்டக்கு. அழுக வந்தாக்கூட நல்லாருக்கும். அதுவும் வர மாட்டக்கு. வழியுறதப் பாத்துக்கிட்டே நிக்கேன்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அட, இது என் செருப்புச் சமாச்சாரம் அல்லவா. இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாததை, சொல்லத் தெரியாததை, இந்தப் பெண் அச்சு அசலாகச் சொல்கிறாள். எனக்கு அவள்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. இதற்காகவா இந்தப் பிள்ளை இரண்டு மாதமாக அலைகிறாள் என்று பரிதாபமாகவும் இருந்தது.

"அந்த நூறு யாரு சார்?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. விதிப்படி ஐந்து பேர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாந்தாம்மா" என்றேன்.

அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கும் இப்படி இருக்குமா?"

"தெனமும். செருப்ப மாட்ட எனக்கு அர மணி நேரம் ஆகும். டீ வெந்நி மாதிரி இருக்கும். யாராவது பேசுனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுத மாதிரி இருக்கும். அதுக்காக வேலைக்கு வராமயா இருக்கேன்?"

"இது போகாதா சார்?"

"என்னத்தப் போக? இதுதாம்மா வாழ்க்க. எல்லாருக்கும் இப்படித்தான். பழகிரும்."

அவள் நம்பாதது போல இருந்தது. சுடலைராஜையும் உட்காரச் சொன்னேன். அவன் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். தொண்ணூற்றேழு. "பாத்தியாம்மா, ஒங்க அண்ணனும்தான்" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப சரி சார். எல்லாரும் தாங்கிக்கிடுதாங்க. எனக்குத்தான் தாங்கத் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நன்றி என்றுகூடச் சொன்னாள். ஒருத்திக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இருபது நாள் கழித்து சுடலைராஜ் தனியாக வந்தான். மொட்டை அடித்திருந்தான். என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தங்கை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள் என்று சொன்னான். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. மூன்று சீட்டுகளுக்கும் நகல் வேண்டும் என்றான். போலீசில் கேட்கிறார்களாம்.

"மனசு நல்லாத்தான் இருந்துருக்குன்னு ஒங்க சீட்டு சொல்லுது. வேற காரணம் இல்லாம எழுத முடியாதாம். தீராத வயித்துவலின்னு எழுதிட்டாங்க சார்." பிறகு, "அவளுக்கு ஒருநாளும் வயித்துவலி வந்ததில்ல" என்றான்.

நகல் எடுத்துக் கொடுத்தேன். கண் கலங்கவில்லை. அவன் போன பிறகு இன்னும் நாலு பேருக்குத் தொப்பி மாட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், படுத்தேன். மறுநாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு நான் அதை மாட்டவே இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் எனக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

நாலாவது நாள் எப்படியோ வேலைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே ஜெபமலர் மேடம் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேள வந்தீங்க அண்ணாச்சி. நீங்க இல்லாம மெஷினே கெட்டுப்போச்சு."

நான் இல்லாததால் வேறு வழியில்லாமல் அவர்களே நூறு வைத்திருக்கிறார்கள். பூவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பின்னலை அவிழ்த்துவிட்டு, பசையைச் சபித்துக்கொண்டே மூன்று பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெக்ஸனும் அழாத குறையாக உட்கார்ந்தானாம். ஐந்தாவது ஆளுக்குக் காவலாளி. அந்த மூன்று நாளில் சோதனைக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேருக்குச் சான்று அச்சாகியிருந்தது. மாதத்துக்கு ஐந்தாறு சான்று கொடுத்தாலே அதிகம் என்கிற இடத்தில் மூன்று நாளில் ஏழு. மேடத்துக்குக் கேடயம் கைவிட்டுப் போகிற கவலை.

அன்றைய நூறையும் அவர்களே வைத்திருந்தார்கள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன். ரெக்ஸன் சிரித்தான். மூன்று நிமிடம் கழித்துத் திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

"பாத்தீங்களா, கெட்டுத்தான் போச்சு," என்றார் மேடம்.

இன்னொரு முறை உட்கார்ந்தேன். முப்பத்தொன்று. மேடத்தை உட்காரச் சொன்னேன். அவருக்குத் தொண்ணூற்றாறு. காவலாளிக்கு நூறு. மறுபடி நான். முப்பத்தொன்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இயந்திரத்தின் ஓரத்திலிருந்து ஒரு தாள் தானாக வெளியே வந்தது. ஆறுமுகநயினார், வயது நாற்பத்தெட்டு, கடுமையான மனச்சோர்வு, உடனடிச் சிகிச்சை தேவை. அவள் மூன்று முறை வந்து கேட்ட தாள். நான் கேட்காமலே என் மடியில் விழுந்தது.

ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் முப்பத்தொன்றுக்குத்தான் இத்தனை நாளும் இயந்திரம் நூறு என்று பெயர் வைத்திருந்தது. அப்படியானால் அவளுடைய தொண்ணூற்று மூன்று உண்மையில் என்ன? இருபத்தொன்பது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பதேதான் வந்தது. என்னைவிடக் கீழே இருந்தவளிடம் நான் பழகிரும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெபமலர் மேடம் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளையிலேருந்து நாங்களே உக்காந்துக்கிடுதோம் அண்ணாச்சி. பழசு பழசோட போட்டும். வெளிய தெரிஞ்சா அஞ்சு குடும்பமும் தெருவுக்கு வந்துரும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நாலு தலைகளின் பூவையும் எண்ணெயையும் காப்பாற்றியது ஒரு குற்றமா என்றுதான் அவர்கள் முகங்கள் கேட்டன. நானும்தானே அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அன்று மாலையே உள்ளது உள்ளபடி எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்றுவரை பரிசீலனையில்தான் உள்ளது.

என் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓய்வு பெறப்போகிற வயதில் ஒரு டாக்டரம்மா. நான் நீட்டிய சான்றை வாங்கி, படிக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோமதி போனதிலிருந்தா, அதற்கு முன்னாலேயா, அப்பா செத்த வருஷமா? அவர் காத்திருந்தார். இது உங்கள் சுபாவமும் இல்லை, வயதும் இல்லை, நோய், இது குணமாகும் என்றார். மனதுக்குள் நான் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் மாத்திரையை விழுங்கினேன். வாரம் ஒருமுறை போய் அவர் எதிரே உட்கார்ந்து பேசினேன். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடுவதற்கும் தெம்பு வேண்டுமே. அது இல்லாததால்தான் தொடர்ந்து போனேன்.

நாற்பதாவது நாள் காலை. அடுப்படியில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இருந்தது. எப்போது மாட்டினேன் என்று நினைவில்லை. டீயை ஒரு வாய் குடித்தேன். திகட்டியது. குமட்டுகிற இனிப்பு. நாலு கரண்டி சர்க்கரை போட்டிருந்தேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் போட்டுக் குடித்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருத்தி மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நடுவில் கண்ணாடி இல்லாமல் நேராகக் காதில் விழுந்தது.

அப்போதுதான் அழுதேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். இதற்குப் பெயர் சுகம் என்றால் எனக்கு இது வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. உள்ளே இருந்தவரைக்கும் எனக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாரும் இந்த இருட்டில்தான் நடக்கிறார்கள் என்று நிஜமாக நம்பினேன். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன், அதைக் கேட்டு அவள் போய்விட்டாள். இது போகாதா என்று கேட்டாளே. போகும். நாற்பது நாளில் எனக்கே போகத் தொடங்கியிருக்கிறது.

ஜெபமலர் மேடத்துக்குப் போன் செய்து, பழைய பட்டியலைக் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்று மதியமே ஒரு தடித்த உறையை ரெக்ஸனிடம் கொடுத்தனுப்பினார். இரண்டு வருஷம் நாலு மாதத்தில் நாங்கள் சாதாரணம் என்று சீட்டுக் கொடுத்து அனுப்பியவர்களின் பெயர், முகவரி, எண். இரண்டாயிரத்து அறுநூறு பேருக்கு மேல். உறையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் மூன்றாவது மைலுக்குப் போனேன்.

சுடலைராஜ் கடை வாசலில் ஒரு லாரி டயரைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தான். முடி ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். ஓட்டையைக் கண்டுபிடிக்க டியூபை முக்குகிற சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் அடியில் கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டு வந்து என் எதிரே ஒரு டயரின்மேல் உட்கார்ந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூவையும் பசையையும் சொன்னேன், என் தலையைச் சொன்னேன், முப்பத்தொன்றையும் இருபத்தொன்பதையும் சொன்னேன். டீ இனித்ததையும் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் கையிலிருந்த ரப்பர்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ கேட்டதுக்கு நீங்க எல்லாருக்கும் இப்படித்தான்னு சொன்னீங்கள்லா. அது நெசம் இல்லியா?"

"இல்ல தம்பி."

"அப்ப மருந்து இருந்துருக்கு."

"இருந்துருக்கு."

"எத்தன நாள்ல கேட்டுச்சு ஒங்களுக்கு?"

நான் சாலைப் பக்கம் திரும்பினேன். அவன் மறுபடி கேட்டான். நாற்பது நாள் என்றேன்.

அவன் தரையைப் பார்த்தபடி விரலை மடக்கினான். அப்புறம் சொன்னான், "மொதத் தடவ ஒங்ககிட்ட வந்த பொறவு அவ எழுவத்து நாலு நாள் இருந்தா சார்."

சாலையில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் உறைக்குள் கையை விட்டேன். இரண்டாயிரத்து அறுநூறு பேரில் இப்போது என் எதிரே உட்கார்ந்திருப்பவன் இவன் ஒருவன்தான். பட்டியலில் அவன் பெயர் இருந்தது. சுடலைராஜ், தொண்ணூற்றேழு, சாதாரணம். வேடிக்கைக்கு உட்கார வைத்தோமே, அந்தத் தொண்ணூற்றேழு. வரும் வழியில் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தேன். முப்பது. தங்கை சாவதற்கு முன்னாலேயே அவன் முப்பதில் இருந்திருக்கிறான். இப்போது எவ்வளவோ.

"தம்பி, ஒங்க சீட்டும் தப்பு" என்றேன். "என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் எழுதுன கடுதாசி நகல் கையில இருக்கு. அந்த டாக்டரம்மா தாளைப் பாக்க மாட்டாங்க, ஒங்களத்தான் பாப்பாங்க. நீங்க சொல்லுதத அவங்க கேப்பாங்க."

அவன் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன். தொட்டி நிறைந்து தண்ணீர் விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. வழிந்த தண்ணீர் புழுதியில் ஓடி, நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பை நனைத்து, அவன் கால் விரல்கள் வரைக்கும் வந்துவிட்டது. குழாய் அவனுக்கு நாலு எட்டில்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

நான் எழுந்து போய்க் குழாயை அடைத்தேன்.